மூன்றாம் மாடி ஆமணக்கு

ஆராய்ச்சி நிலையம்,
ஜூன் 5

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் சகலை எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். நீங்களும் அண்ணியும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். முழங்கால் வலி எப்படி இருக்கிறது? குந்தி உட்கார்ந்து களையெடுக்காதீர்கள் என்று சொன்னால் கேட்கிற ஆளா நீங்கள்?

ஃபோனில் பேசாமல் கடிதம் போடுகிறானே, அக்கா தங்கைக்குள் ஏதாவது சண்டையோ என்று பயப்பட வேண்டாம். இது ஆராய்ச்சிக் காரியம். எங்கள் தலைவருக்குக் காதால் கேட்டது எதுவும் கணக்கில்லை. எழுதி, தேதி போட்டு, தபாலில் வந்தால்தான் நம்புவார்.

விஷயம் இதுதான். ஆமணக்கை நேராக வயலில் விதைக்காமல் பையில் நாற்று விட்டு நட்டால் விதை மிச்சமாகும், பயிரும் முந்தி வரும். எந்தக் கலவையில் நாற்று விடுவது என்பதில்தான் தகராறு. தலைவர் கோகோபீட் கட்சி, அந்தத் தேங்காய் நார்த்தூள்தான். "எடை இல்ல, அழுக்கு இல்ல, வண்டியில ஏத்தினா நூறு பை கூடுதலா போகும்" என்கிறார். நான் மண் கட்சி. ஆமணக்கு ஆணிவேர்க்காரன். கோகோபீட்டில் மேலே இலையைக் காட்டி மயக்கிவிட்டு, கீழே வேர் சுருண்டுகொண்டால் வயலில் போய்ப் படுத்துவிடும். இதை நான் வாயால் சொன்னால் எடுபடாது. இரண்டு இடங்களில் வளர்த்து, இரண்டும் ஒத்துப்போனால்தான் என் பேச்சு நிற்கும். இல்லாவிட்டால் அடுத்த பருவத்தில் விவசாயிகள் எல்லோருக்கும் கோகோபீட் என்றே சொல்லிவிடுவார்கள்.

ஒரு இடம் எங்கள் நிலையம். இன்னொன்று உங்கள் நாற்றுப் பண்ணையாக இருக்க வேண்டும். வேறு யாரிடம் போய்க் கேட்பேன்? 'பெரிய மாப்பிள்ளை கை வைத்தால் காய்ந்த குச்சியும் தழைக்கும்' என்று நம் மாமனார் சொல்லிச் சொல்லி என் காது புளித்துவிட்டது. அந்தக் கை ஒரு முறை எனக்கும் உதவட்டுமே.

அண்ணிக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு அன்பு.

உங்கள் தம்பி


நாற்றுப் பண்ணை,
ஜூன் 24

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் கடிதம் வந்து நாளாகிவிட்டது. பதில் தாமதம், மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள். இங்கே எல்லோரும் நலம். கொழுந்தியாளுக்குச் சளி என்று கேள்விப்பட்டோம், இப்போது தேவலையா? என் முழங்கால் படி ஏறும்போதுதான் கொஞ்சம் பிடிக்கிறது, மற்றபடி ஒன்றுமில்லை.

சகலை கேட்டு இல்லையென்று சொல்லிவிட்டு நான் இந்த வீட்டில் நிம்மதியாகச் சாப்பிட முடியுமா? செய்கிறேன். நானும் மண் கட்சிதான். ஆனால் கோகோபீட்டைப் பழிக்க மாட்டேன். மூன்று தண்ணீர் மாற்றிக் கழுவி உப்பை எடுத்துவிட்டால் சொன்ன பேச்சு கேட்கும். சோம்பேறித்தனமாக அப்படியே போட்டால் இலையோரம் கருகும். அப்புறம் கோகோபீட்டைத் திட்டிப் பயனில்லை. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

ஒன்று கேட்க வேண்டும். மொத்தம் எத்தனை பை? எவ்வளவு இடம் பிடிக்கும்? ஒரு கட்டில் போடுகிற இடம் போதுமா? ஈரத்தோடு சேர்த்து எடை எவ்வளவு வரும்?

ஃபோன் செய்ய வேண்டாம். என் கை எப்போதும் மண்ணும் தண்ணீருமாக இருக்கும், எடுக்க முடியாது. உங்கள் தலைவர் சொல்வதுதான் சரி, கடிதம் நல்லது.

மாமனாரைப் பார்த்தால் நான் விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

உங்கள் அண்ணன்


ஆராய்ச்சி நிலையம்,
ஜூலை 6

அன்புள்ள அண்ணனுக்கு,

வணக்கம். உங்கள் பதில் கிடைத்ததும் எனக்குப் பாதி வேலை முடிந்த மாதிரி இருந்தது. உங்கள் கொழுந்தியாளுக்குச் சளி போய்விட்டது, கோபம் மட்டும் அப்படியே இருக்கிறது. அக்கா முன்போல ஃபோனில் பேசுவதில்லையாம், இரண்டு வார்த்தையில் வைத்துவிடுகிறாராம். பண்ணையில் வேலை அதிகமா?

ஒரு ஏக்கர் பண்ணையை வைத்துக்கொண்டு கட்டில் அளவு போதுமா என்று கேட்கிறீர்களே, உங்கள் குறும்பு போகாது. கலவைக்குப் பதினைந்து, மொத்தம் அறுபது பை. கட்டில் அளவே போதும்.

முதல் கலவை மண்ணும் மணலும். இரண்டாவது அதோடு மக்கிய தொழுவுரம், நான் பந்தயம் கட்டுவது இதன்மேல்தான். மூன்றாவது மண், மணல், கருக்கிய உமி. நான்காவது கோகோபீட்டும் கொஞ்சம் மண்புழு உரமும். விதையை ஓர் இரவு ஊறவைத்துப் பைக்கு ஒன்றாகப் போடுங்கள். மிச்ச விதையைப் பிள்ளைகள் கையில் படாமல் வைக்க வேண்டும், விஷம் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல.

முளைத்த நாள், உயரம், இலை, தண்டின் பருமன் எல்லாம் எழுதி அனுப்புங்கள். வெயில் எத்தனை நேரம் படுகிறது என்பதும் வேண்டும். செப்டம்பர் கடைசி வாரத்தில் பைகளைக் கிழித்து, வேரைக் கழுவி, அளந்து, காயவைத்துவிட வேண்டும். அத்தோடு சோதனை முடிந்தது.

விதைப் பொட்டலம் இதனுடன் வருகிறது. அண்ணிக்கு வணக்கம்.

உங்கள் தம்பி


நாற்றுப் பண்ணை,
ஆகஸ்ட் 4

அன்புள்ள தம்பிக்கு,

நலம், நலமறிய ஆவல். உங்கள் அண்ணிக்கு வேலை அதிகம்தான். அதனால்தான் ஃபோனில் பேச்சைக் குறைத்திருக்கிறாள். வேறொன்றும் இல்லையென்று கொழுந்தியாளிடம் சொல்லுங்கள்.

விதைக்கத் தாமதமாகிவிட்டது. மண்ணையும் மணலையும் கொண்டுவந்து சேர்ப்பதற்குள் இடுப்பு கழன்றுவிட்டது. ஜூலை இருபத்திரண்டில் போட்டேன். முதலில் தலைகாட்டியது உங்கள் தலைவரின் கோகோபீட்தான். எட்டாம் நாளே ஏழு பை முளைத்தது. நேர்மையாகச் சொல்கிறேன், பார்க்கவும் அழகாக இருந்தது. மண் கட்சிக்காரர்கள் பத்து, பன்னிரண்டு நாள் என்று ஆடி அசைந்து வந்தார்கள். முதல் கலவையில் ஒரு விதை அழுகிவிட்டது. அதைத் தோண்டிப் பார்த்தேன், என் தப்பில்லை, விதைக்குள்ளேயே பருப்பு இல்லை.

ஆமணக்கு முளைப்பதை உட்கார்ந்து பார்த்திருக்கிறீர்களா? செம்மண் நிறத்தில் குனிந்த முதுகு முதலில் வரும். பிறகு நிமிரும்போது விதையோட்டைத் தொப்பி மாதிரி மாட்டிக்கொண்டு எழும். சிலதற்குத் தொப்பி கழலாது. நகத்தால் தட்டிவிடக் கை ஊறும். உங்கள் அண்ணி, "அதுக்குத் தெரியாதா எப்பக் கழட்டணும்னு, நீங்க ஏன் தலையில கை வைக்கிறீங்க?" என்கிறாள். இந்த ஒரு மாதத்தில் அவள் சிரித்தது அன்றைக்குத்தான்.

வெயில் எத்தனை நேரம் என்று கேட்டிருந்தீர்கள். காலையில் மட்டும். பதினொரு மணிக்கு மேல் இல்லை. அளவுகளைத் தனித்தாளில் எழுதியிருக்கிறேன்.

உங்கள் அண்ணன்


ஆராய்ச்சி நிலையம்,
ஆகஸ்ட் 14

அன்புள்ள அண்ணனுக்கு,

வணக்கம். அளவுகள் கிடைத்தன. தலைவரே பார்த்துவிட்டு, "யார்யா இது? நம்ம ஆளுங்க இப்படி எழுத மாட்டாங்களே" என்றார். என் சகலை என்று மார்தட்டிக்கொண்டேன். எங்கள் நிலையத்திலும் கோகோபீட்தான் முதலில் முளைத்தது. விளையும் பயிர் முளையிலே தெரியும் என்று தலைவர் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார். ஆமணக்குக்கு அந்தப் பழமொழி செல்லாது என்று காட்டத்தானே இந்தப் பாடு.

ஆனால் எனக்கு ஒரு குழப்பம். பதினொரு மணிக்கு மேல் உங்கள் பண்ணையில் வெயில் ஏன் இல்லை? பக்கத்தில் யாராவது கட்டடம் எழுப்பிவிட்டார்களா? செடிகள் உயரம் இருக்கின்றன, தண்டு மெலிவாக இருக்கிறது. எங்கள் செடிகள் அப்படியில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை அக்காவும் தங்கையும் பேசியபோது நான் பக்கத்தில் இருந்தேன். உங்கள் பக்கம் மேலே யாரோ நாற்காலியை இழுக்கிற சத்தம் கேட்டது. உங்கள் வீட்டுக்கு ஏது மேல் வீடு? அண்ணி எங்காவது போயிருந்தார்கள் போலிருக்கிறது.

இடத்தைப் பற்றித் தலைவர் இரண்டு வரி கேட்டார். 'திறந்தவெளி நாற்றுப் பண்ணை' என்று எழுதிக் கொடுத்தேன். நான் எத்தனை முறை வந்து தங்கிய இடம். சரிதானே, அண்ணா?

உங்கள் தம்பி


செப்டம்பர் 2

அன்புள்ள தம்பிக்கு,

நலம். கொழுந்தியாள், பிள்ளைகள் எல்லோரும் நலம்தானே. இங்கே சின்னவனுக்குப் பள்ளிக்கூடம் மாற்றியிருக்கிறோம், பழகிக்கொண்டு வருகிறான்.

கலவை வாரியாக அளவுகள் வைத்திருக்கிறேன். கோகோபீட் செடிகள் மாப்பிள்ளை மாதிரி நிற்கின்றன. மூன்றாவது கலவை மெல்ல எழும்புகிறது. அதன் தண்டைத் தொட்டால் மட்டும் ஒரு கெட்டி இருக்கிறது.

ஒன்று சொல்லியாக வேண்டும். செடிகள் எல்லாம் ஒரே பக்கம் தலை சாய்க்கின்றன. தெருவில் சண்டை நடந்தால் ஜன்னலுக்கு ஓடும் ஆட்கள் மாதிரி. நான் தினமும் காலையில் வேலைக்குப் போகுமுன் ஒவ்வொரு பையையும் கால் சுற்று திருப்பி வைத்துவிட்டுப் போகிறேன். நாலு நாளில் நிமிர்கிறது. இதை எழுதிக்கொள்ளுங்கள். இது சோதனைக்குக் குற்றமென்றால் குற்றம்தான். திருப்பிவிட்டுத் திருப்பவில்லை என்று சொல்ல மாட்டேன்.

அப்புறம் அந்த வேர் கழுவுகிற காரியம். அறுபதையுமா? கலவைக்கு ஒன்று எடுத்துப் பார்த்தால் போதாதா? நான் நாற்றுகளை விற்றிருக்கிறேன், சும்மா கொடுத்திருக்கிறேன், திருட்டுக் கொடுத்தும் இருக்கிறேன். நன்றாக நிற்கிற செடியை நானே பிடுங்கியதில்லை. கட்டாயமா என்று ஒரு வரி எழுதுங்கள்.

உங்கள் அண்ணன்


ஆராய்ச்சி நிலையம்,
செப்டம்பர் 9

அன்புள்ள அண்ணனுக்கு,

வணக்கம். எல்லோரும் நலம்.

வேர் அறுபதும் வேண்டும். பாதிச் செடியை விட்டால் எது நல்ல செடி என்று நம் மனம் தேர்ந்தெடுத்துவிடும். கஷ்டம்தான், தெரியும்.

இன்னொன்று. திறந்தவெளியில் நிற்கிற செடி ஒரு பக்கமாகச் சாயாது. இது எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். நீங்கள் 'வேலைக்குப் போகுமுன்' என்று எழுதியிருப்பதையும் பார்த்தேன். போன கடிதத்தில் மேலே நாற்றுப் பண்ணை என்று எழுதவில்லை, அதையும் பார்த்தேன். நான் எதுவும் கேட்கவில்லை. நீங்களாகச் சொல்கிறவரை கேட்கவும் மாட்டேன்.

இடத்தைப் பற்றி நான் எழுதியதை அப்படியே விட்டிருக்கிறேன். மாத முடிவில் அதன் கீழ் கையெழுத்துப் போட வேண்டும், போட்டுவிடுகிறேன். தலைவர் நேரில் வந்து பார்க்கிறேன் என்றால் ஏதாவது சொல்லிச் சமாளிக்கலாம். மாமனார் காதுக்கு என் வழியாக ஒரு சொல் போகாது. நீங்கள் மனம் சங்கடப்படக் கூடாது, எனக்கு அதுதான் முக்கியம்.

உங்கள் தம்பி


மூன்றாம் மாடி,
செப்டம்பர் 20

ஆராய்ச்சி நிலையத் தலைவர் அவர்களுக்கு,

ஐயா, வணக்கம். தங்கள் நிலையத்தில் பணிபுரியும் என் சகலைக்காக ஆமணக்கு நாற்றுச் சோதனையின் இரண்டாம் இடத்தை நடத்திவருபவன் நான். அவர் தங்களிடம் அந்த இடத்தைத் திறந்தவெளி நாற்றுப் பண்ணை என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். அது தவறு. தவறு அவருடையதல்ல.

என்னிடம் ஒரு நாற்றுப் பண்ணை இருந்தது. இடம் குத்தகை. நிலத்துக்காரர் வீடுகள் கட்டப் போவதாகச் சொல்லி, குத்தகை முடிந்ததும் திருப்பி எடுத்துக்கொண்டார். அவர்மேல் குறையில்லை, முறைப்படி முன்கூட்டியே சொன்னார். விதைப் பொட்டலம் வருவதற்கு இரண்டு மாதம் முன்பே நாங்கள் இந்த மூன்றாம் மாடி வாடகை வீட்டுக்கு வந்துவிட்டோம். இப்போது நான் அலுவலகங்களுக்கு அலங்காரச் செடிகளை வாடகைக்கு விடும் ஒரு நிறுவனத்தில், அந்தத் தொட்டிகளுக்குத் தண்ணீர் ஊற்றி இலை துடைக்கும் வேலையில் இருக்கிறேன்.

சோதனைச் செடிகள் அறுபதும் (ஒன்று முளைக்கவில்லை, ஆகவே ஐம்பத்தொன்பது) இந்த வீட்டின் பால்கனியில் இருக்கின்றன. கிழக்கு பார்த்தது. மேலே கூரை, இரண்டு பக்கம் சுவர். காற்று முன்பக்கம் மட்டும். தண்ணீர் வாளியில் எடுத்துக் குவளையால் ஊற்றுகிறேன். பைகளைத் தினமும் திருப்புகிறேன்.

அளவுகளில் ஒரு மில்லிமீட்டர் பொய்யில்லை, ஐயா. இடத்தில்தான் பொய். இதை அறிந்து தாங்கள் எடுத்துக்கொண்டாலும் சரி, தள்ளினாலும் சரி. வேர்களைச் சொன்னபடி இந்த மாதக் கடைசியில் கழுவி அளந்து அனுப்பிவிடுவேன். ஏற்ற வேலையைப் பாதியில் விடுவதாக இல்லை.

இப்படிக்கு,
செடிகளை வளர்த்தவன்


மூன்றாம் மாடி,
செப்டம்பர் 20

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் தலைவருக்கு இன்று போட்ட கடிதத்தின் நகலை இதனுடன் வைத்திருக்கிறேன். உங்களைக் கேட்காமல் அனுப்பினேன். கேட்டிருந்தால் தடுத்திருப்பீர்கள்.

உங்கள் கடைசிக் கடிதத்தைப் படித்ததும் முதலில் வந்தது கோபம்தான். எனக்காக நீங்கள் பொய்யின் கீழ் கையெழுத்துப் போடுவதா? நாளைக்கு யாராவது வந்து பார்த்தால் உங்கள் வேலை என்ன ஆகும், உங்கள் பேச்சை அப்புறம் எந்த விவசாயி கேட்பான்? கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைத்தது, அந்தப் பொய்யைச் சமைத்தவனே நான்தான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தேன். இலை காட்டிக் கொடுத்துவிட்டது.

ஏன் சொல்லவில்லை என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். மாமனார் வீட்டில் நான் சொந்தத் தொழில்காரன், நீங்கள் சம்பளக்காரர். அந்த ஒரு படி உயரத்தில் இத்தனை வருஷம் நின்றுவிட்டேன், இறங்கக் கால் வரவில்லை. சகலைக்குத் தெரிந்தால் கொழுந்தியாளுக்குத் தெரியும், அவளுக்குத் தெரிந்தால் அப்பாவுக்குத் தெரியும். உங்கள் அண்ணியின் வாயைக் கட்டிப்போட்டதும் நான்தான். தங்கையிடம் பேச முடியாமல் அவள் பட்ட பாட்டைப் பார்த்தும் பேசாமல் இருந்தேன். பழைய முகவரிக்கு வரும் தபாலை இங்கே திருப்பிவிடச் சொல்லி அஞ்சலகத்தில் எழுதிக் கொடுத்திருந்தேன். உங்கள் விதைப் பொட்டலம் அப்படி வந்தபோது, இன்னும் இரண்டு மாதம் நாற்றுக்காரனாக இருக்கலாம் என்று தோன்றியது. அந்த ஆசைதான்.

நேற்று மாமனாருக்கு நானே ஃபோன் செய்து சொல்லிவிட்டேன். தொண்டையைச் செருமினார். "சின்ன மாப்பிள்ளைக்குத் தெரியுமா?" என்பதுதான் முதல் கேள்வி. "தெரியும் மாமா" என்றேன். "அப்ப சரி. முழங்காலுக்கு எண்ணெய் தடவுங்க" என்று வைத்துவிட்டார். இதற்காகவா இத்தனை நாள் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன் என்று இருந்தது.

கொழுந்தியாளை இன்றைக்கே அக்காவோடு பேசச் சொல்லுங்கள். நிறைய பாக்கி இருக்கிறது.

உங்கள் அண்ணன்


ஆராய்ச்சி நிலையம்,
செப்டம்பர் 28

அன்புள்ள அண்ணனுக்கு,

வணக்கம். அக்காவும் தங்கையும் அன்று பேச ஆரம்பித்தார்கள், இடையில் சாப்பிட்டதாகக்கூடத் தெரியவில்லை. நடுநடுவே அழுகை, நடுநடுவே நம் இருவரையும் திட்டு. வாங்க வேண்டியதைச் சேர்த்தே வாங்கிக்கொண்டோம்.

தலைவர் உங்கள் கடிதத்தை என் எதிரிலேயே படித்தார். இரண்டு முறை படித்தார். பிறகு, "இந்த மனுஷன் இவ்வளவு தெளிவா எழுதுறாரு, நீ ரெண்டு வரியை ஒழுங்கா எழுத மாட்டியா?" என்றார். நான் கையெழுத்துப் போடவிருந்த தாளை எடுத்து, இரண்டாம் இடத்தைக் குறுக்காக அடித்தார். எனக்குத் தண்டனை ஏதுமில்லை, உங்கள் கடிதம் முந்திக்கொண்டது. ஆனால் சோதனை ஓரிடத்துச் சோதனையாகிவிட்டது. இந்தப் பருவம் விவசாயிகளுக்குக் கோகோபீட் என்றுதான் போகிறது. அதை எழுதும்போது எனக்கு வயிறு எரிகிறது, மறைக்கவில்லை.

உங்கள்மேலும் கோபம் இருந்தது. நாம் ஒரே வீட்டில் பெண்ணெடுத்தவர்கள், வீடு மாறியதைக்கூட எனக்குச் சொல்லாமல் விட்டீர்களே என்று. பிறகு யோசித்தேன். பதினொரு மணி வெயிலைப் படித்த அன்றே நான் பஸ் ஏறி வந்திருக்க வேண்டும். வரவில்லை. பெரியவரைக் கேள்வி கேட்பதா என்று நினைத்துக்கொண்டேன். கேட்கத் தைரியம் இல்லாததற்கு மரியாதை என்று பெயர் வைத்துக்கொண்டேன்.

இதில் ஒரே ஒரு நல்லது. இரண்டாம் இடம் அடிபட்டதால் வேர் கழுவ வேண்டியதில்லை. ஒன்றையும் பிடுங்காதீர்கள். அத்தனையும் இனி உங்கள் செடிகள். உங்களுக்கு இது சந்தோஷமாக இருக்கும் என்பதால்தான் அவசரமாக எழுதுகிறேன்.

உங்கள் தம்பி


மூன்றாம் மாடி,
அக்டோபர் 3

அன்புள்ள தம்பிக்கு,

எல்லோரும் நலம். உங்கள் அண்ணி தெளிந்துவிட்டாள், பழையபடி என்னை அதட்டுகிறாள்.

உங்கள் கடிதம் அக்டோபர் முதல் தேதி வந்தது. அதற்கு முந்தின நாள் நான் வேர்களைக் கழுவிவிட்டேன்.

மாதக் கடைசி என்று உங்கள் தலைவருக்கு எழுதியிருந்தேன் அல்லவா? அன்று விடுப்பு எடுத்துக்கொண்டேன். காலையில் குளியலறையில் இரண்டு வாளித் தண்ணீர் நிரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். உங்கள் அண்ணி பையைக் கிழித்துக் கிழித்துக் கொடுத்தாள், நான் கழுவினேன். முதல் செடியைக் கையில் வாங்கியபோது அழுதேன். அவள் பார்த்தாள், அடுத்த பையைக் கிழித்து நீட்டினாள். பத்துச் செடிக்கு மேல் கை தானாக நடந்தது. அறுத்துக்கொண்டு வராமல் வேர் முழுசாக வர வேண்டும் என்பதிலேயே கவனம் போய்விட்டது.

பார்த்ததைச் சொல்கிறேன். கோகோபீட் லேசாக உதிர்ந்துவிட்டது, உள்ளே பஞ்சு மாதிரி வெள்ளை வேர்கள் அடர்த்தி. ஆனால் ஆணிவேர் பையின் அடியில் வளையல் போலச் சுற்றிக்கொண்டிருந்தது. நிமிர்த்திப் பார்த்தேன், விட்டதும் மறுபடி சுருண்டது. நீங்கள் சொன்னது சரி. ஆனால் உங்கள் தொழுவுரமும் ஜெயிக்கவில்லை, தம்பி. வேர் நேராக இருந்தது, பருமன் குறைவு. கருக்கிய உமி போட்ட மூன்றாவது கலவைதான். மேலே சாதுவாக நின்றதே, அதன் ஆணிவேர் பைகளின் தையலைக் கிழித்து வெளியே வந்திருந்தது. பால்கனித் தரையில் ஓட்டை இருந்திருந்தால் இரண்டாம் மாடிக்குப் போய்க் கதவைத் தட்டியிருக்கும். நம் இரண்டு கட்சிக்கும் பெப்பே.

மறுநாள் உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு அப்படியே படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன். "ஒரு நாள் பொறுத்திருக்கக் கூடாதா?" என்றாள் உங்கள் அண்ணி. எனக்கும் அதுதான். ஒரே ஒரு நாள். அப்புறம் யோசித்தேன். பொறுத்திருந்தால் அவற்றை எங்கே கொண்டுபோய் நட்டிருப்பேன்? எனக்கு இன்று ஒரு சாண் நிலம் கிடையாது. ஆமணக்கைப் பையிலேயே வைத்திருக்க முடியாது. அடுத்த மாதம் எல்லாம் மஞ்சளாகி, ஒவ்வொன்றாக என் கண் முன்னால் போயிருக்கும். நீங்கள் சந்தோஷமாக எழுதியதைப் படிக்கத்தான் மனதுக்குக் கஷ்டமாக இருந்தது. உங்கள் தப்பில்லை, தபாலின் தப்பும் இல்லை. ஒன்றையாவது விட்டு வைத்திருக்கலாமே என்று பிள்ளைகள் கேட்டார்கள். ஒன்றை விட்டால் கணக்கு கணக்காக இருக்காது என்று உங்கள் வார்த்தையையே சொன்னேன்.

பால்கனி காலியாக இருக்கிறது. காலையில் எழுந்ததும் பை திருப்பக் கை போகிறது. போகட்டும், கொஞ்ச நாளில் மறக்கும். அலுவலகத்துச் செடிகளும் செடிகள்தான். அவற்றுக்கு நான் ஒருவன்தான் இருக்கிறேன்.

வேர்களை அளந்து எழுதியாயிற்று. காயவைத்தேன், நிறுத்துப் பார்க்க என்னிடம் சரியான தராசு இல்லை. நான்கு பொட்டலமாகக் கட்டி இதனுடன் அனுப்புகிறேன், நீங்கள் நிறுத்துக்கொள்ளுங்கள். கொழுந்தியாளுக்கு அன்பு சொல்லுங்கள், விடுமுறைக்கு எல்லோரும் இங்கேயே வாருங்கள், இடம் சின்னது, நெருக்கிப் படுத்துக்கொள்ளலாம்.

ஒவ்வொரு பொட்டலத்தின் மேலும் கலவை எண்ணோடு, மூன்றாம் மாடிப் பால்கனி, காலை வெயில் மட்டும் என்று கொட்டை எழுத்தில் எழுதியிருக்கிறேன். பொட்டலங்களைத் தலைவரின் மேசையில் பிரித்து வையுங்கள். இரண்டாம் இடத்தை அடிப்பதென்றால் வேரைப் பார்த்துவிட்டு அடிக்கட்டும்.

உங்கள் அண்ணன்